பழைய சின்னக் காருக்கு வேறு வண்டியின் ஹெட்லைட்: எங்கே பிசகுகிறது

மொரிஸ் மைனர், ஒஸ்டின் மினி, வொக்ஸ்வாகன் பீட்டில் மூன்றுக்கும் முன்னால் இருப்பது ஏழு அங்குல வட்ட லைட். பழைய லேண்ட்ரோவர், மஹிந்திரா ஜீப், என்ஃபீல்ட் புல்லட் ஆகியவற்றிலும் அதே அளவுதான். "அளவு ஒன்றுதானே, மாட்டிவிடலாம்" என்ற நினைப்பு அங்கேதான் பிறக்கிறது. மாட்டவும் முடியும், எரியவும் எரியும். பிசகு தெரிவது பிறகு ஒரு நாள் இரவு, இறம்பொடை வளைவுகளில் மழைக்குள் ஏறும்போதுதான். எதிரே வருகிற லொறிக்காரர் திரும்பத் திரும்ப ஹை பீம் அடித்துக் காட்டுவார். நமக்கோ இடப்பக்கக் கான் எங்கே முடிகிறது என்றே தெரியாது.

ஹெட்லைட்டில் எவ்வளவு வெளிச்சம் என்பது இரண்டாவது கேள்வி. அந்த வெளிச்சம் எங்கே விழுகிறது, எங்கே விழாமல் இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. பல்ப், அதன் பின்னால் உள்ள ரிஃப்ளெக்டர், முன்னால் உள்ள கண்ணாடி மூன்றும் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கின்றன. மூன்றில் ஒன்றை மட்டும் வேறு வண்டியிலிருந்து கொண்டு வந்தால் மற்ற இரண்டும் ஒத்துழைக்காது.

வலப்பக்க நாட்டு லைட்

இலங்கையில் நாம் வீதியின் இடப்பக்கம் ஓட்டுகிறோம். ஆகவே லோ பீமின் வெளிச்சம் வலப்பக்கத்தில் தாழ்ந்தும் இடப்பக்கத்தில் சற்று மேலேறியும் இருக்க வேண்டும். அந்த ஏற்றம்தான் இடப்பக்க ஓரம், கான், நடந்து போகிறவர் எல்லாவற்றையும் காட்டுகிறது. ஐரோப்பாவின் பெரும்பகுதிக்கும் அமெரிக்காவுக்கும் செய்த லைட்டில் இது தலைகீழ். அதை மாட்டினால் ஏறும் வெளிச்சம் எதிரே வருபவரின் கண்ணுக்குப் போகும், நமக்கு வேண்டிய ஓரம் இருட்டாகக் கிடக்கும். ராங்ளர் ஜீப்புக்கென்று விற்கும் ஏழு அங்குல எல்ஈடி லைட்டுகளில் அமெரிக்க வடிவத்தில் வருபவை நிறைய. பார்வைக்கு அழகாக இருப்பதால் அதிகம் ஏமாறுவதும் அதில்தான்.

கண்டுபிடிப்பது சுலபம். வட்டத்துக்குள் ஆங்கில E எழுத்தும் ஓர் இலக்கமும் உள்ள லைட் என்றால், அதன் கண்ணாடியில் அம்புக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். லைட்டுக்கு நேரே நின்று பார்க்கும்போது அம்பு உங்கள் வலக்கைப் பக்கம் காட்டினால் அது நமக்கு உரியது. அம்பே இல்லையென்றால் அது வலப்பக்கம் ஓட்டும் நாட்டுக்கு. இரண்டு பக்கமும் முனை உள்ள அம்பு என்றால் இரண்டுக்கும் மாற்றக்கூடியது, எந்தப் பக்கத்துக்கு வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துத்தான் மாட்ட வேண்டும். ஜப்பான், இந்தியா, இங்கிலாந்து மூன்றும் இடப்பக்கம் ஓட்டும் நாடுகள். அந்நாட்டு வீதிகளுக்கென்றே செய்த லைட் பெரும்பாலும் சரிவரும். கொழும்பு பஞ்சிகாவத்தையில் ரீகண்டிஷன் சாமான் வாங்குகிறவர்கள் விலை பேசுவதற்கு முன் லைட்டை பற்றரியில் பிடித்து, ஒரு சுவரில் அடித்துப் பார்ப்பது நல்லது. வெளிச்சத்தின் மேல் விளிம்பு எந்தப் பக்கம் ஏறுகிறது என்று அங்கேயே தெரிந்துவிடும்.

பைக் லைட், லொறி லைட்

மோட்டார் சைக்கிளுக்குச் செய்த வட்ட லைட்டின் லோ பீம் பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் விழும். இடப்பக்கம் ஏறாது. அதிலுள்ள பல்பும் பல நேரம் 35/35 வொட் எச்எஸ்1 வகைதான். அது காருக்குரிய எச்4 பல்ப் போலவே தோன்றும், ஆனால் எச்4 60/55 வொட், அதாவது ஹை பீமுக்கு 60, லோ பீமுக்கு 55. எச்எஸ்1க்குச் செய்த ரிஃப்ளெக்டரில், அடித்தகட்டின் காதுகளை ராவி எச்4 பல்பை நுழைப்பவர்கள் உண்டு. இழை உரிய இடத்தில் இருக்காது, சூடும் கூடும், பிளாஸ்டிக் என்றால் பழுப்பேறும்.

லொறியிலிருந்து கழற்றியது என்றால் கூடு பயன்படலாம், பல்ப் பயன்படாது. லொறிக்கு 24 வோல்ட். அந்தப் பல்ப் 12 வோல்ட்டில் அகல் விளக்கு மாதிரி சிவந்து எரியும். லொறி ரிலேயும் (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைப் போட்டு நிறுத்தும் சுவிட்ச்) அப்படித்தான், 12 வோல்ட்டில் அதன் சுருள் இழுக்காது.

பழைய ரிஃப்ளெக்டருக்குள் எல்ஈடி, எச்ஐடி

எச்4 பல்பின் உள்ளே பாருங்கள். லோ பீம் இழைக்குக் கீழே சின்னக் கிண்ணம் போல ஒரு தகடு இருக்கும். அதுதான் வெளிச்சத்தை ரிஃப்ளெக்டரின் மேல் பாதிக்கு மட்டும் விடுகிறது, அதனால்தான் வெளிச்சம் கீழ்நோக்கி விழுகிறது. இழையின் இடம் ஒன்றிரண்டு மில்லிமீற்றர் மாறினாலே மேல் விளிம்பு குழம்பிவிடும். இழையே இல்லாமல் வாயுவுக்குள் மின்பொறியால் எரியும் எச்ஐடி குழாயின் ஒளி வேறு நீளம், வேறு இடம். மலிவான எல்ஈடியில் சிப் தடித்த தகட்டின் இரு முகத்தில் ஒட்டியிருக்கும். சாதாரண எச்4 லோ பீமில் ஏறக்குறைய 1000 லூமன் வெளிச்சம், 35 வொட் எச்ஐடியில் 3000க்கு மேல். மூன்று மடங்கு வெளிச்சம், அதுவும் கண்டபடி சிதறினால் என்னாகும்? ஏற்றத்தில் நம் காரின் மூக்கே மேல்நோக்கி இருக்கிறது. இறங்கி வருபவருக்கு வீதியே மறைந்துவிடும், குருடான லொறி நம் பக்கம்தான் வரும்.

பனிமூட்டத்துக்கு "கூல் வைட்" நல்லது என்று விற்பதையும் நம்ப வேண்டாம். ஹப்புத்தளையிலோ நுவரெலியாவிலோ இறங்கும் மூட்டத்தின் நீர்த்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிட எவ்வளவோ பெரியவை. எந்த நிறமானாலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் சிதறும். மஞ்சள் பல்ப் அற்புதம் செய்யும் என்பதும் அதே கணக்குத்தான், ஆனால் நீலம் கலந்த வெள்ளைபோல அது கண்ணைக் கூசவைக்காது. மூட்டத்தில் உதவுவது தாழ்வான, அகன்ற, மேல் விளிம்பு கத்தியால் வெட்டியது போன்ற வெளிச்சம். பம்பருக்குக் கீழே ஒரு சோடி நல்ல ஃபொக் லைட் போடும் காசு வீணாகாது.

வயரிங்: பாதிப் பிரச்சினை இங்கே

பழைய காரின் ஹெட்லைட் மங்கல் என்றால் முதலில் குற்றம் சாட்ட வேண்டியது லைட்டை அல்ல. ஐம்பது வருட வயர், கறுத்துப்போன சுவிட்ச், துருப்பிடித்த ஏர்த் (காரின் உடல் இரும்போடு சேரும் இணைப்பு). வோல்ட் 10 வீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 வீதம் குறையும். எஞ்சினைக் கொஞ்சம் வேகமாக ஓடவிட்டு, லைட்டைப் போட்டு, மல்டிமீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் பிளஸ்ஸிலும் மற்றதைப் பல்பின் பிளஸ் முனையிலும் வையுங்கள். பிறகு பற்றரியின் மைனஸ், பல்பின் ஏர்த் முனை. இரண்டில் எதுவும் அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் புது லைட் வாங்குவதற்கு முன் ரிலே போடுங்கள். பல பேருக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படாது.

60 வொட் பல்ப் இரண்டு சேர்ந்தால் 10 அம்பியர். 100/90 பல்ப் போட்டால் ஹை பீமில் 16 அம்பியரைத் தாண்டும். பழைய டிம் சுவிட்ச் அதைத் தாங்காது. உருகும், அல்லது ஒரு வளைவின் நடுவில் கைவிடும்.

லோ பீமுக்கு ஒன்று, ஹை பீமுக்கு ஒன்று என 30 அம்பியர் ரிலே இரண்டு வேண்டும். பற்றரியிலிருந்து 4 சதுர மில்லிமீற்றர் வயர் ஒன்று, அதில் பற்றரிக்குச் சாண் தூரத்துக்குள் 20 அம்பியர் ஃபியூஸ், அங்கிருந்து இரு ரிலேயின் 30ஆம் முனைக்கும் (முனைகளில் எண் பொறித்திருக்கும்). 87ஆம் முனையிலிருந்து இரண்டு லைட்டுக்கும் 2.5 சதுர மில்லிமீற்றர் வயர், இடதுக்கும் வலதுக்கும் தனித்தனியாக 10 அம்பியர் ஃபியூஸ். இந்தத் தனி ஃபியூஸைச் சோம்பல்பட்டு விட்டுவிடாதீர்கள். ஒரு பக்கம் ஷோர்ட் ஆனாலும் மறுபக்கம் எரியும். ஒரேயடியாக இருட்டானால் கடுகண்ணாவை இறக்கத்தில் என்ன செய்வது? முன்பு லைட்டுக்கு வந்த பழைய வயர் இப்போது ரிலேயின் 86க்குப் போகும், 85 ஏர்த்துக்கு. இங்கிலாந்துக் கார்களில் நீலத்தில் வெள்ளைக் கோடு ஹை பீம், நீலத்தில் சிவப்புக் கோடு லோ பீம். ஒவ்வொரு லைட்டுக்கும் தனி ஏர்த் வயர், பெயின்ட் சுரண்டி, பளபளக்கும் இரும்பில்.

வீட்டு வயரிங் கம்பியை இதற்குப் போடுவது இங்கே அடிக்கடி காணும் தவறு. அதன் இழைகள் தடிப்பானவை, எண்ணிக்கையில் குறைந்தவை. தோட்டத்து ரோட்டின் குலுக்கலில் முறுக்கிய இடத்தில் ஒடியும். வாகனத்துக்கென்று விற்கும் மெல்லிய பல இழை வயர்தான் வேண்டும்.

ஜப்பான் கார்களில் இன்னொரு பொறி. பலவற்றில் பிளஸ் நேரே பல்பின் பொது முனைக்கு வரும், சுவிட்ச் ஏர்த்தைத்தான் மாற்றிக் கொடுக்கும். பல்பைக் கழற்றி, லைட்டைப் போட்டு, சொக்கெட்டை அளந்து பாருங்கள். லோ, ஹை இரண்டிலும் ஒரே முனையில்தான் 12 வோல்ட் வருகிறதென்றால் உங்கள் கார் அந்த வகை. அப்போது 86க்கு அந்தப் பொது பிளஸ், 85க்குப் பழைய லோ அல்லது ஹை வயர். மேலே சொன்னபடியே கட்டினால் ரிலே இழுக்கவே இழுக்காது. மறுபுறம், 1960களின் மினியும் மொரிஸ் மைனரும் பெரும்பாலும் பிளஸ் ஏர்த், அதாவது பற்றரியின் பிளஸ்தான் காரின் உடலோடு சேரும். சாதாரண பல்புக்கு அது பொருட்டில்லை. எல்ஈடியும் டயோட் உள்ள ரிலேயும் அங்கே தலைகீழாகிவிடும்.

டைனமோவையும் மறக்கக் கூடாது. மினியின் லூகாஸ் சி40 டைனமோ அதிகபட்சம் தருவது 22 அம்பியர். லோ பீம் 9, சைட் லைட்டும் பின் லைட்டும் 2, வைப்பரும் இக்னிஷனும் ஆளுக்கு மூன்று நான்கு என்றால் ஏற்கெனவே 18ஐ நெருங்கிவிட்டோம். அதில் 100/90 பல்புக்கு இடமில்லை. எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது டைனமோ ஒன்றும் தருவதில்லை. ஏப்ரல் சீசனில் நுவரெலியா வரிசையில் லைட்டும் வைப்பரும் போட்டபடி அரை மணி நேரம் நின்றால் பற்றரிதான் எல்லாவற்றையும் சுமக்கிறது.

மாட்டும்போது

சீல்ட் பீம் (இழை, ரிஃப்ளெக்டர், கண்ணாடி மூன்றும் ஒரே துண்டான லைட்) இருந்த கூட்டுக்குள் எச்4 லைட் வைத்தால் பின்னால் பல்ப், சொக்கெட், ரப்பர் மூடி என்று நீட்டிக்கொண்டிருக்கும். கூட்டில் ஆழம் இருக்கிறதா என்று முதலில் அளந்து பாருங்கள். இடிக்கிறதென்று ரப்பர் மூடியைக் கழற்றி வைக்கிறவர்கள் வட்டவளை மழையில் ஒரு மாதம் ஓட்டினால் போதும், ரிஃப்ளெக்டர் கறுத்துவிடும். லைட்டில் பார்க் பல்புக்கான துளை இருந்து பல்ப் போடவில்லை என்றால் அதை ரப்பரால் அடையுங்கள். ஆனால் சுற்றிவர சிலிக்கன் பூசி மூடிவிடவும் கூடாது. கூட்டின் அடியில் உள்ள நீர் வடியும் துளை திறந்தே இருக்க வேண்டும். எல்ஈடி லைட்டின் கண்ணாடி சூடாவதில்லை, அதனால் குளிர் இரவில் உள்ளே படிந்த பனி காய்வதற்கு நேரமெடுக்கும். ரிஃப்ளெக்டரைத் துணியால் துடைக்காதீர்கள், வெள்ளிப் பூச்சு கையோடு வந்துவிடும். எச்4 பல்பின் கண்ணாடியை விரலால் தொட்டால் ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டுப் போடுங்கள்.

மாருதி போன்று உருவம் வார்த்த லைட் உள்ள கார்களில் காரின் உடலை வெட்டி, தகடு வெல்ட் செய்து வேறு லைட் பொருத்துவதை விட்டுவிடலாம். மேல், பக்கம் இரண்டையும் திருத்தும் ஸ்குரூ இல்லாத லைட் எவ்வளவு விலையானதாக இருந்தாலும் பயனில்லை.

கடைசி வேலை, பெரும்பாலானோர் செய்யாத வேலை, லைட்டை மட்டம் பார்ப்பது. மலைநாட்டில் சமதரை கிடைப்பதுதான் கஷ்டம். கோயில் முற்றமோ பள்ளிக்கூட மைதானமோ, நான்கு சக்கரமும் சமமாக நிற்கும் இடம் போதும். சுவர் வரை தரை சமமாக இல்லையென்றால் மேசன்மார் பிடிக்கும் தண்ணீர் டியூப்பால் லைட்டின் நடு உயரத்தைச் சுவருக்குக் கொண்டு போங்கள். காருக்கும் சுவருக்கும் 5 மீற்றர். டயர் காற்று சரியாக, ஓட்டுநர் இருக்கையில் ஆள் இருக்க வேண்டும். லோ பீமின் தட்டையான மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்கு 5 முதல் 7.5 சென்ரிமீற்றர் கீழே விழ வேண்டும். லைட்டின் நடு தரையிலிருந்து 60 சென்ரிமீற்றர் என்றால், 5 சென்ரிமீற்றர் இறக்கத்தில் வெளிச்சம் 60 மீற்றரில் தரையைத் தொடும், 7.5இல் 40 மீற்றரில். பின் இருக்கையில் மூன்று பேரும் டிக்கியில் மரக்கறி மூட்டையும் வழக்கம் என்றால் 7.5இல் வையுங்கள். பாரத்தோடு பின்பக்கம் அமர்ந்தால் விளிம்பு தானாக மேலேறும். ஒரு வாரம் தோட்டத்து ரோட்டில் ஓடிய பிறகு அதே சுவரில் மறுபடியும் பாருங்கள், புது ஸ்குரூ அதற்குள் கொஞ்சம் இளகியிருக்கும்.