யாழ்ப்பாணத்தில் பஸ் பிடிக்கப் போகிறீர்களா? கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று முதலில் கேளுங்கள்

ஓகஸ்ட் விடுமுறைக்கு டிக்கெட் போட்டவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். யாழ்ப்பாணத்தில் பஸ்ஸை நம்பி இறங்கலாமா, இல்லை வந்த நாளிலிருந்து போகும் நாள்வரை வான் பிடித்து வைத்திருக்க வேணுமா? நம்பலாம். ஆனால் லண்டனிலும் ரொறன்ரோவிலும் நம்புகிற மாதிரி இல்லை. அங்கே கைபேசியைப் பார்த்து, நாலு நிமிடத்தில் பஸ் வரும் என்றால் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளிக்கிடுகிறோம். ஊரில் அந்தக் கைபேசியை நம்பி வெளிக்கிட்டால் வெயிலில் காய்வதுதான் மிச்சம். நேரம் எல்லாம் நேரக்கணிப்பாளரின் கொப்பியிலும், பெட்டிக்கடைக்காரரின் தலைக்குள்ளும், ஒவ்வொரு நாளும் அதே பஸ்ஸில் வேலைக்குப் போகிற அக்காவின் வாயிலும்தான் இருக்கிறது.

ஏன் இப்படி என்று தெரிந்தால் கோபம் கொஞ்சம் குறையும். 1958 இல் இலங்கையின் பஸ் கம்பனிகளையெல்லாம் அரசாங்கம் எடுத்து ஒரே சபை ஆக்கியது. 1979 இல் தனியாரைத் திரும்பவும் உள்ளே விட்டார்கள். அன்றிலிருந்து ஒரே வீதியில் இரண்டு வகை பஸ். ஒன்று இலங்கைப் போக்குவரத்துச் சபையின் சிவப்பு நிற இ.போ.ச பஸ், வயது போனவர்கள் இன்றும் சி.ரி.பி என்றே சொல்வார்கள். மற்றது தனியார் பஸ். இரண்டு பகுதியும் சேர்ந்து ஒரு இணைந்த நேர அட்டவணையில் ஓட வேண்டும் என்று வடக்கில் வருடக்கணக்காகக் கூட்டம் போடுகிறார்கள், 60க்கு 40 என்று பங்கு பிரிக்கிறார்கள், பிறகு ஒரு பகுதி ஒத்துக்கொள்ளாமல் எழும்பிப் போய்விடுகிறது. வவுனியாவில் 2017 இல் புதிய பஸ் நிலையம் திறந்தபோது இதே பிரச்சினை. யாழ்ப்பாணத்தில் 2021 இல் நெடுந்தூர பஸ் நிலையம் திறந்தபோதும் இதேதான். தனியார் பஸ்கள் புது இடத்துக்குப் போக, இ.போ.ச ஆஸ்பத்திரி வீதிப் பக்கத்துப் பழைய மத்திய பஸ் நிலையத்தை விட்டு அசைய மறுத்தது. இந்தச் சண்டையில் உங்களுக்கு வரும் கஷ்டம் என்னவென்றால், தூர ஊருக்குப் போக வேண்டுமானால் எந்த நிலையத்துக்குப் போவது என்பதையே முதலில் விசாரிக்க வேண்டும். ஓட்டோக்காரரிடம் "பஸ் ஸ்டாண்ட்" என்று மட்டும் சொன்னால் அவர் தனக்குத் தெரிந்த இடத்தில் இறக்கிவிடுவார். "வவுனியா பிரைவேட் எடுக்கிற இடம்" என்று முழுதாகச் சொல்லுங்கள்.

சரி, பஸ்ஸில் ஏறிவிட்டீர்கள், அது நகரவில்லை. இன்ஜின் உறுமுகிறது, நடத்துனர் கீழே நின்று "நெல்லியடி, பருத்துறை" என்று கூப்பிடுகிறார், சாரதி அரை அடி முன்னுக்கு எடுத்து அரை அடி பின்னுக்கு விடுகிறார். ஒருவழியாக வெளிக்கிட்டாலும் சந்திக்குச் சந்தி உருட்டிக்கொண்டு போகும். பொறுங்கள். பின்னால் மற்றப் பகுதியின் பஸ் கண்ணில் பட்டதும் இதே பஸ் பேய் பிடித்த மாதிரிப் பறக்கும், கை காட்டி மறிக்கிற சனத்தைக்கூட விட்டுவிட்டு ஓடும். அதாவது இந்தப் பஸ் ஓடுவது மணிக்கூட்டைப் பார்த்து இல்லை, முன்னுக்கும் பின்னுக்கும் வரும் பஸ்ஸைப் பார்த்துத்தான். "8.10 பஸ் ஏன் 8.25க்கு வருகிறது" என்று கேட்பதில் பயனில்லை. 8.10க்கு வெளிக்கிட வேண்டிய பஸ் வெளிக்கிட்டதுதான், அது இப்போது இரண்டு சந்திக்கு அந்தப் பக்கம் சனம் பொறுக்கிக்கொண்டு நிற்கிறது.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வியை மாற்றுங்கள். அடுத்த பஸ் எப்போது என்று கேட்டால் எல்லோருக்கும் ஒரே பதில்தான், "இப்ப வரும்." அது ஐந்து நிமிடமாகவும் இருக்கலாம், முக்கால் மணித்தியாலமாகவும் இருக்கலாம். சொல்கிறவர் பொய் சொல்லவில்லை, உங்களை ஆறுதல்படுத்துகிறார். அதே ஆளிடம் "அண்ணை, இஞ்சையிருந்து யாழ்ப்பாணத்துக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்டுப் பாருங்கள், முகம் மாறிவிடும், யோசித்து, பக்கத்தில் நிற்பவரையும் கேட்டு, சரியான பதில் சொல்வார். ஏனென்றால் கடைசி பஸ்ஸை விட்டால் என்ன ஆகும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். போகும்போதே இதைக் கேட்டுவிட்டு, அன்றைய நாளை அந்தக் கடைசி பஸ் நேரத்திலிருந்து பின்னோக்கித் திட்டமிடுங்கள். கடைசிக்கு முதல் பஸ்ஸையே உங்கள் கடைசி பஸ்ஸாக வைத்துக்கொள்ளுங்கள். பிரதான வீதிகளிலேயே பின்னேரம் ஆறு ஏழு மணிக்குப் பிறகு பஸ் குறைந்துவிடும், உள்ளூர்ப் பாதைகளில் அதற்கும் வெள்ளனவே நின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமையும், பௌர்ணமி விடுமுறையான போயா நாளும் என்றால் இன்னும் குறைவு. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் போயா தினத்தை மறந்தே போகிறோம், வரமுதலே கலண்டரில் குறித்துவைப்பது நல்லது.

இலக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணம்–பருத்தித்துறை பஸ் 750 என்றால் நெல்லியடி வழி, 751 என்றால் வல்வெட்டித்துறை வழி. பலகையில் இரண்டிலும் பருத்தித்துறை என்றுதான் பெரிதாக இருக்கும். உங்கள் பெரியம்மா வீடு உடுப்பிட்டிப் பக்கமா, நெல்லியடிப் பக்கமா, தொண்டைமானாற்றுப் பக்கமா என்பதைப் பொறுத்து ஒரு பஸ் வாசலில் இறக்கும், மற்றது ஓட்டோச் செலவு வைக்கும். "எந்த வழி போகுது?" என்று ஏறும்போதே கேட்டுவிடுங்கள். இறங்கும் இடத்தையும் வீட்டு இலக்கத்தையோ வீதிப் பெயரையோ சொல்லிக் கேட்காதீர்கள், நடத்துனருக்கு அது தெரியாது. கோயில், பள்ளிக்கூடம், சந்தி, பழைய கூட்டுறவுச் சங்கக் கடை, இப்படி ஒன்றைச் சொன்னால் போதும், மறக்காமல் இறக்கிவிடுவார். இறங்க வேண்டிய இடம் வரும்போது "இறக்கம்" என்று சத்தமாகச் சொல்லுங்கள். மெல்லமாகச் சொன்னால் பாட்டுச் சத்தத்தில் கேட்காது. எங்கள் பிள்ளைகள் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டு இரண்டு தரிப்பிடம் தள்ளி இறங்குவார்கள்.

விடிய ஏழு மணியை ஒட்டியும் மத்தியானம் ஒன்றரைக்கும் பஸ் ஏறாதீர்கள். பள்ளிக்கூடம் தொடங்குகிற, விடுகிற நேரம் அது. மாணவருக்கான சிசு செரிய பஸ் ஓடினாலும் மற்ற பஸ்களும் வெள்ளைச் சட்டையால் நிறைந்திருக்கும், மிதிபலகையில் தொங்குகிறவர்களைத் தள்ளிக்கொண்டு சூட்கேஸோடு உள்ளே போகவே முடியாது. முன்பக்கம் ஒரு இருக்கை காலியாக இருக்கிறதே என்று பாய்ந்து உட்காரவும் வேண்டாம், அது மதகுருமாருக்கு ஒதுக்கியது, எழுதியும் இருக்கும். நல்லூர்த் திருவிழா 25 நாளும் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளை மூடிவிடுவார்கள், பஸ்கள் வேறு வழியால் சுற்றிப்போகும். அந்த நாட்களில் பருத்தித்துறை வீதிப் பக்கம் போகிறவர்கள் அரை மணித்தியாலம் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

தீவுப் பக்கம் போவதுதான் உண்மையான பரீட்சை, ஏனென்றால் பஸ்ஸோடு படகும் சேர்ந்துகொள்கிறது. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் குறிகாட்டுவான் இறங்குதுறைக்குப் போக வேண்டும், பஸ் இலக்கம் 776. பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு எல்லாம் தாண்டி ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். நயினாதீவுக்குப் படகு அடிக்கடி இருக்கிறது, கால் மணித்தியால ஓட்டம், பிரச்சினையில்லை. நெடுந்தீவு அப்படியில்லை. ஒரு மணித்தியாலக் கடல், ஒரு நாளில் சில படகுகள்தான், பஸ் பிந்தினால் படகு உங்களுக்காக நிற்காது. திரும்பி வரும் படகைப் பிடித்தாலும், அது வந்து சேரும்போது கரையில் பஸ் நிற்குமா என்பது தனிக் கேள்வி. தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றுப் பிடிக்கிற மாதங்களில், அதாவது நாங்கள் விடுமுறையில் போகிற அதே மாதங்களில், கடல் கொந்தளித்தால் படகையே நிறுத்திவிடுவார்கள். நெடுந்தீவுக்குப் போகும் நாளில் வேறு எந்த வேலையும் வைக்காதீர்கள், பின்னேரம் கலியாண வீடு, சாப்பாட்டு அழைப்பு, ஒன்றுமே வேண்டாம். காரைநகரிலிருந்து ஊர்காவற்றுறைக்கு ஆட்களையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு "பாதை" என்று சொல்கிற மிதவை ஒன்று ஓடுகிறது, காசு இல்லை, நல்ல அனுபவம், ஆனால் அது பழுதாகிக் கிடக்கிற நாட்களும் உண்டு. போகமுதல் காரைநகரில் யாரையாவது கேட்டுவிட்டுப் போங்கள், இல்லாவிட்டால் பண்ணை வழியாகச் சுற்றி வர வேண்டியதுதான்.

வன்னிக்குப் போகிறவர்களுக்குச் சுருக்கமாக. முல்லைத்தீவுக்கு நேர் பஸ் தவறினால் ஏ9 வீதியில் போகிற எதிலாவது ஏறிப் பரந்தன் சந்தியிலோ மாங்குளத்திலோ இறங்கி மாறலாம். மன்னார் பஸ் சங்குப்பிட்டிப் பாலத்தால் போகும், வவுனியா சுற்றத் தேவையில்லை. துணுக்காய், மல்லாவி போன்ற உள்ளிடங்களுக்குப் பஸ்ஸை நம்பி ஒரே நாளில் போய் வர நினைக்காதீர்கள், உறவினர் வீட்டில் ஒரு இரவு தங்குங்கள்.

இனி கொழும்பு–யாழ்ப்பாணம். ரயிலா, இரவு பஸ்ஸா? என்னைக் கேட்டால் போகும்போது ரயில், வரும்போதும் ரயில், இடம் கிடைக்காவிட்டால் மட்டும் பஸ். யாழ்தேவி 1956 இலிருந்து ஓடுகிறது. 1990 இல் நின்றுபோன வடக்குப் பாதை 2014 ஒக்டோபரில்தான் திரும்ப யாழ்ப்பாணம் வந்தது, அடுத்த ஜனவரியில் காங்கேசன்துறையைத் தொட்டது. பிறகும் நிம்மதியாக இருக்க விட்டார்களா? திருத்த வேலை என்று 2023 இல் அநுராதபுரம்–ஓமந்தை, 2024 இல் மாகோ–அநுராதபுரம் என மாதக்கணக்கில் மூடினார்கள், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டின் தண்டவாளங்களைப் பல இடங்களில் அடித்துக்கொண்டு போனது. ஆகவே போன வருடம் மச்சான் போன ரயில் இந்த வருடமும் அதே நேரத்துக்கு ஓடும் என்று நினைக்காமல், புறப்படும் கிழமையில் நேரத்தைத் திரும்பப் பாருங்கள். முன்பதிவு 30 நாளுக்கு முதல் திறக்கும், திருவிழாக் காலத்திலும் சித்திரை, நத்தார் விடுமுறையிலும் திறந்த சூட்டோடு முடிந்தும் விடும். எந்தக் கடவுச்சீட்டு இலக்கத்தைக் கொடுத்துப் பதிவு செய்தீர்களோ அதையே கையில் வைத்திருங்கள், பெட்டிக்குள் பூட்டி வைக்காதீர்கள். கோண்டாவில், சுன்னாகம், தெல்லிப்பழைக்காரர் யாழ்ப்பாணத்தில் இறங்கி ஓட்டோவுக்குக் காசு கொடுக்கமுதல், தங்கள் ரயில் காங்கேசன்துறைப் பக்கம் மேலே போகிறதா, தங்கள் நிலையத்தில் நிற்குமா என்று விசாரித்துப் பாருங்கள்.

இரவு சொகுசு பஸ் வெள்ளவத்தையில் ஏறலாம், தொலைபேசியில் சொன்னால் இருக்கை வைப்பார்கள். ஒன்பது மணிக்கு வெளிக்கிடும் என்பார்கள், அதற்குப் பிறகு கொழும்பு முழுக்க நின்று நின்று ஆள் ஏற்றி, நகரத்தை விட்டு வெளியேறவே நெடுநேரம் ஆகும். ஒருமுறை எனக்குத் தந்த இருக்கையை இன்னொருவருக்கும் கொடுத்திருந்தார்கள், இரண்டு பேரிடமும் அதே இலக்கம், கடைசியில் சாரதிக்குப் பக்கத்தில் இன்ஜின் மூடியின்மேல் அநுராதபுரம் வரை. அதிலிருந்து இருக்கை இலக்கத்தை எழுத்தில் அனுப்பச் சொல்லி வாங்கிவிடுகிறேன். குளிரூட்டியைக் குறைக்கச் சொன்னால் குறைக்க மாட்டார்கள், கம்பளிச் சட்டை எடுத்துப் போங்கள், ஊருக்கு எதற்கு என்று யோசிக்காதீர்கள். நல்ல விஷயம் என்னவென்றால் விடிய நாலு மணி இருட்டிலும் உங்கள் ஒழுங்கை முகப்பில் நிறுத்தி, பெட்டியையும் இறக்கித் தருவார்கள். அதை எந்த நாட்டு பஸ்ஸும் செய்யாது.

காசு விஷயம். ஐயாயிரம் ரூபாத் தாளை நடத்துனரிடம் நீட்டாதீர்கள், நாணயமாற்றுக் கடையிலேயே ஒரு பகுதியைச் சின்னத் தாளாகக் கேட்டு வாங்குங்கள். "மிச்சம் பிறகு தாறன்" என்று சொன்னால் சில நடத்துனர்கள் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதித் தருவார்கள், இறங்கமுதல் நினைவுபடுத்துவது உங்கள் பொறுப்பு. பணிப்புறக்கணிப்பு என்று காலையில் கேள்விப்பட்டால் பதறாதீர்கள், இ.போ.ச நின்றால் தனியார் ஓடும், தனியார் நின்றால் இ.போ.ச ஓடும், நெரிசல்தான் இரண்டு மடங்கு.

திரும்பும் நாள் மட்டும் விளையாடக் கூடாது. இரவு விமானத்துக்கு அன்று விடிய யாழ்ப்பாணத்தில் ரயில் ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள், பலமுறை சரியாகவும் வரும். ஆனால் வவுனியாவுக்கு அந்தப் பக்கம் ரயில் ஒன்று தடம் விலகி நின்றால் அன்று முழுக்க ஒன்றும் அசையாது. விமானத்துக்கு முதல் நாளே தெற்கே வந்து, நீர்கொழும்பில் ஒரு அறை எடுத்துத் தங்குங்கள், அங்கிருந்து கட்டுநாயக்க அரை மணித்தியாலம்கூட இல்லை. கொழும்பில் தங்குவதென்றால் விமான நிலையத்துக்கு அதிவேகப் பாதையால் போகும் 187 பஸ் இருக்கிறது, பெட்டி இரண்டுக்கு மேல் என்றால் மட்டும் கார் பிடியுங்கள்.