பழைய பிரிஸ்மாட்டிக் காம்பஸ்: சோதித்து வாங்குவதும் சரியாகத் திசை எடுப்பதும்

இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ், இந்தியப் படைகள் பயன்படுத்திய மார்க் 3 பிரிஸ்மாட்டிக் காம்பஸ் இன்றும் பழம்பொருள் கடைகளில் கிடைக்கிறது. என்.சி.சி. வரைபடப் பயிற்சியில் சொல்லித்தருவதும் இந்த வகைதான். பித்தளைக் கூடு, கண்ணாடி பதித்த மூடி, திரவத்தில் மிதக்கும் வட்டத்தட்டு, எண்களைப் பெரிதாக்கிக் காட்டும் முப்பட்டகம். பேட்டரி வேண்டாம், சிக்னல் வேண்டாம்.

வாங்குமுன் ஒளிரும் பூச்சைக் கவனியுங்கள். அந்தக் காலத்தில் பூசியது ரேடியம். இருட்டில் இப்போது ஒளிரவில்லை என்பதால் கதிரியக்கம் போய்விட்டதாக நினைக்க வேண்டாம். செத்துப்போனது அதில் கலந்த, ஒளி உமிழும் துத்தநாக சல்பைடு மட்டுமே. ரேடியத்தின் அரை ஆயுள் சுமார் 1,600 ஆண்டு. கூட்டைப் பிரிக்கக் கூடாது, பூச்சைச் சுரண்டக் கூடாது. கண்ணாடி உடைந்து பொடி உதிர்ந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

அடுத்தது முளை, அதாவது தட்டைத் தாங்கிச் சுழலவிடும் கூர்முனை. காம்பஸை மர மேசையில் சமமாக வைத்து, தட்டு நின்றதும் அளவைக் குறியுங்கள். இரும்புச் சாவியைக் காட்டித் தட்டை 20 டிகிரி இழுத்து, சாவியைத் தூர எடுத்துவிடுங்கள். தட்டு பழைய அளவுக்கே திரும்ப வேண்டும். இடப்பக்கம் மூன்று முறை, வலப்பக்கம் மூன்று முறை. ஒரு டிகிரிக்கு மேல் மாறினால் முளை தேய்ந்திருக்கிறது. திரவத்தில் சிறு குமிழ் இருந்தால் பரவாயில்லை. தட்டில் உரசும் அளவு பெரிதாக இருந்தால் வேண்டாம்.

நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. காந்த நடுக்கோடு, அதாவது பூமியின் காந்தப்புலம் கிடைமட்டமாக இருக்கும் கோடு, தென்னிந்தியாவின் தென்முனையை ஒட்டிப் போகிறது. கேரளத்தின் தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் அமைந்ததும் அதனால்தான். இங்கிலாந்தில் காந்தப்புலம் மிகவும் சரிந்து கீழிறங்கும், இங்கே கிட்டத்தட்ட கிடைமட்டம். வடமுனை கீழே சாயாதபடி அந்த ஊருக்கென்று எடை சரிக்கட்டிய தட்டு இங்கே தெற்குப் பக்கம் தாழ்ந்து நிற்கும். கண்ணாடியில் உரசாத வரை பயன்படுத்தலாம்.

திசை எடுக்க மூடியைச் செங்குத்தாக நிமிர்த்துங்கள். அடிவளையத்தில் கட்டைவிரலை விட்டு, ஆள்காட்டி விரலால் கூட்டைச் சுற்றிப் பிடித்து, முப்பட்டகத்தைக் கண்ணருகே கொண்டுபோங்கள். எண்கள் தெளியும்வரை அதை மேலும் கீழும் நகர்த்துங்கள். மூடியின் மயிரிழைக் கோட்டை இலக்கின் மேல் பொருத்தினால், அதே கோடு விழும் எண்தான் திசைக்கோணம். இதற்கு வெளி வளைய எண்களைப் படிக்க வேண்டும்; உள் வளையம் மேலிருந்து நேராகப் பார்ப்பதற்கு. தட்டு ஆடி ஓயும்வரை பொறுத்து, மூன்று முறை எடுத்துச் சராசரி பாருங்கள்.

பெரும்பாலான பிழை பக்கத்து இரும்பால் வருகிறது. உயரழுத்த மின்கம்பியிலிருந்து 55 மீட்டர், வண்டியிலிருந்து 20, முள்கம்பி வேலியிலிருந்து 10 மீட்டர் தள்ளி நில்லுங்கள். செல்போன் ஸ்பீக்கரில் காந்தம் இருக்கிறது, அதைப் பையோடு சேர்த்துத் தள்ளி வையுங்கள். சந்தேகம் வந்தால் இலக்குக்கே போய்ப் பின்னோக்கி அளந்து பாருங்கள். இரண்டுக்கும் 180 டிகிரி வித்தியாசம் வராவிட்டால் ஏதோ ஒரு முனையில் இரும்பு இருக்கிறது. அலட்சியம் வேண்டாம்: ஒரு டிகிரி பிழை ஒரு கிலோமீட்டரில் 17 மீட்டர் விலக்கும்.

வரைபடத்தில் குறிக்குமுன் காந்த விலக்கத்தை, அதாவது காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள கோண வித்தியாசத்தை, கழியுங்கள். தமிழ்நாட்டில் அது இப்போது மேற்கே ஓரிரு டிகிரி. பழைய வரைபடத் தாளில் அச்சிட்ட விலக்கம் ஆண்டுதோறும் மாறிவந்திருக்கும், அதை அப்படியே எடுக்காதீர்கள்.

காரின் டாஷ்போர்டில் வெயிலில் விட்டால் திரவம் விரிந்து கசிந்துவிடும். இரண்டு காம்பஸ்களை ஒட்டி வைக்கவும் வேண்டாம்.