இடுப்பு டிஸ்க் விலகல்: ஸ்கேனுக்கு முன் கவனிக்க வேண்டியவை

இடுப்பு வலி வந்தவுடன் எம்.ஆர்.ஐ. எடுத்துவிட வேண்டும் என்று பலர் அவசரப்படுகிறார்கள். ஆனால் டிஸ்க் விலகலைக் கண்டறியும் வேலையில் பெரும்பகுதி, வலியின் வரலாற்றைக் கேட்பதிலும் காலைப் பரிசோதிப்பதிலுமே முடிந்துவிடுகிறது.

முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள ஜவ்வின் (டிஸ்க்) வெளிவளையம் கிழிந்து, உள்ளிருக்கும் கூழ் போன்ற பகுதி பிதுங்கி, பக்கத்தில் இறங்கும் நரம்பை அழுத்தும்போது வலி காலுக்குப் பரவுகிறது. கீழ்முதுகில் இது பெரும்பாலும் எல்4-எல்5 (கீழ்முதுகின் நான்காம், ஐந்தாம் முள்ளெலும்புகளுக்கு இடையே), எல்5-எஸ்1 (ஐந்தாம் முள்ளெலும்புக்கும் அதன் கீழுள்ள திருவெலும்புக்கும் இடையே) ஆகிய இரண்டு இடங்களில்தான் நிகழ்கிறது.

ஆகவே மருத்துவரிடம் செல்லுமுன், வலி இடுப்போடு நிற்கிறதா அல்லது பிட்டம், தொடை வழியாக முழங்காலுக்குக் கீழும் இறங்குகிறதா, இருமினாலும் தும்மினாலும் சுள்ளென்று இழுக்கிறதா என்று கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த இடம் மரத்துப்போகிறது என்பது மிக முக்கியம். மேற்பாதமும் கட்டைவிரலும் மரத்தால் எல்5 நரம்பின் மீதும், பாதத்தின் வெளியோரமும் சுண்டுவிரலும் மரத்தால் எஸ்1 நரம்பின் மீதும் மருத்துவரின் சந்தேகம் திரும்பும். “கால் வலிக்கிறது” என்று மட்டும் சொல்லாமல், வலி ஓடும் பாதையை விரலால் தொட்டுக் காட்டுங்கள்.

பரிசோதனையின்போது உங்களை மல்லாந்து படுக்கச் சொல்லி, முழங்கால் மடங்காமல் காலை மெதுவாகத் தூக்குவார். ஏறத்தாழ 30 முதல் 70 டிகிரிக்குள் முழங்காலுக்குக் கீழே வலி பாய்ந்தால் நரம்பு அழுத்தப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். தொடையின் பின்புறம் மட்டும் இழுத்தால் அது தசை இறுக்கமாகவே இருக்கலாம். நல்ல காலைத் தூக்கும்போது நோயுள்ள காலில் வலி எழுந்தால் சந்தேகம் மேலும் வலுக்கும். பிறகு குதிகாலாலும் முன்பாதத்தாலும் நடக்கச் சொல்லி, கணுக்காலின் பின்புறம் சிறு சுத்தியலால் தட்டிப் பார்ப்பார்.

எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், ஜவ்வு தெரியாது. பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் வலி தானாகவே குறைவதால், சுமார் 6 வாரங்களாகியும் குறையாதபோதும், ஊசியோ அறுவை சிகிச்சையோ திட்டமிடும்போதும்தான் எம்.ஆர்.ஐ. உண்மையில் பயன்படுகிறது. அறிக்கையில் ‘பல்ஜ்’ (ஜவ்வு புடைத்திருப்பது) என்று கண்டு அஞ்சிவிடாதீர்கள். முதுகு வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015-ல் வெளியான ஆய்வில், 20 வயதினரில் 30 சதவீதம் பேருக்கும் 80 வயதினரில் 84 சதவீதம் பேருக்கும் அது காணப்பட்டது. படத்தில் தெரியும் இடமும் காலில் வலிக்கும் பாதையும் பொருந்தினால் மட்டுமே நோய் உறுதியாகிறது.

காய்ச்சல், காரணமில்லாத எடை இழப்பு, முன்பு புற்றுநோய் இருந்தது, நாளுக்கு நாள் கால் பலவீனமாவது ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் 6 வாரம் காத்திருக்கக் கூடாது. சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, மலம் கட்டுப்பாடின்றி வெளியேறினாலோ, தொடையிடுக்கும் ஆசனவாயைச் சுற்றிய பகுதியும் மரத்துப்போனாலோ, இரவானாலும் விடியட்டும் என்று இராமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.