பஸ்டர் கீட்டன் படங்களை எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது?

மௌனப் படம் என்றதும் நமக்கு சாப்ளின்தான். அதே காலத்தில், சிரிக்காத முகத்தோடு ஊரையே சிரிக்கவைத்த பஸ்டர் கீட்டன் பக்கம் போகிறவர்கள் குறைவு. போகிறவர்களும் எடுத்த எடுப்பில் ‘தி ஜெனரல்’ போட்டுவிட்டுப் பாதியில் தூங்கிவிடுகிறார்கள். இந்த வரிசையில் பாருங்கள்.

1. நல்ல பிரதி தேடுங்கள்

அவருடைய 1920களின் படங்களுக்கு அமெரிக்காவில் காப்புரிமை முடிந்துவிட்டது. யூடியூபில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் வெளுத்துப்போன பிரதிகளும் ஏராளம். நடக்கிறவர்கள் ஓடுவதுபோலத் தெரிந்தால் மூடிவிட்டு, சீரமைத்த பிரதியைத் தேடுங்கள்.

2. ‘ஒன் வீக்’ (1920)

அரை மணி நேரம்கூட இல்லை. புதுமணத் தம்பதிக்குப் பெட்டி பெட்டியாக ஒரு வீடு வருகிறது, எண் பார்த்துப் பொருத்த வேண்டியதுதான். பொறாமைக்காரன் ஒருவன் எண்களை மாற்றிவிடுகிறான். இதற்குச் சிரிப்பு வரவில்லையென்றால் கீட்டன் உங்களுக்கு ஒத்துவர மாட்டார், நேரமாவது மிச்சம்.

3. கொஞ்சம் பின்கதை

1895இல் கன்சாஸ் மாநிலத்தில் பிறந்தவர். பெற்றோர் ஊர் ஊராகப் போன மேடைக் கலைஞர்கள். அப்பா பிள்ளையைத் தூக்கி எறிவதுதான் அவர்களின் நிகழ்ச்சி. வசதியாகத் தூக்க, சட்டையில் பெட்டிக் கைப்பிடி ஒன்றைத் தைத்திருந்தார்கள்! விழுந்தபின் தான் சிரித்தால் கூட்டம் சிரிப்பதில்லை என்பதைச் சிறுவன் கண்டுகொண்டான். அந்தக் கல் முகம் அங்கே வந்ததுதான். 1917இல் நியூயார்க்கில் நகைச்சுவை நடிகர் ராஸ்கோ ஆர்பக்கிள் அவரைப் படத்துக்கு இழுத்தார்.

4. ‘ஷெர்லாக் ஜூனியர்’ (1924)

முக்கால் மணி நேரம். ரயில் கூரையில் ஓடிவந்து தண்ணீர்த் தொட்டிக் குழாயைப் பிடித்துத் தொங்கும் இடத்தில் கவனியுங்கள். தண்ணீர் கொட்டிய வேகத்தில் கீழே விழுந்து, கழுத்து தண்டவாளத்தில் மோதியது. எலும்பு முறிந்திருந்தது பல வருடம் கழித்து எக்ஸ்ரேயில்தான் தெரிந்தது.

5. இப்போது ‘தி ஜெனரல்’ (1926)

அமெரிக்க உள்நாட்டுப் போர், நிஜ நீராவி எஞ்சின்கள். ஓடும் எஞ்சினின் முன்பக்கம் கீட்டன் ஒரு ஸ்லீப்பர் கட்டையோடு உட்கார்ந்திருப்பார். எதிரே தண்டவாளத்தில் இன்னொரு கட்டை. கையில் இருப்பதை அதன் நுனியில் எறிந்து இரண்டையும் ஒரே அடியில் வெளியே தள்ளுவார். குறி தப்பியிருந்தால் ரயிலே தடம் புரண்டிருக்கும். பாலம் உடைந்து விழும் ரயிலும் நிஜம். இவ்வளவு செய்தும் படம் வசூலில் படுத்துவிட்டது.

6. ‘ஸ்டீம்போட் பில் ஜூனியர்’ (1928)

புயலில் வீட்டின் முன்சுவர் முழுதாக அவர்மேல் சாயும். மாடி ஜன்னல் திறப்புக்குள் நின்றதால் தப்புவார். ஒரே ஷாட், தந்திரம் இல்லை. ஓரிரு அங்குலம் தள்ளி நின்றிருந்தால் ஆள் இல்லை. படத்தை அங்கே நிறுத்தி அவர் தோளைப் பாருங்கள்.

7. எதைத் தவிர்ப்பது?

1928இல் எம்ஜிஎம் என்ற பெரிய ஹாலிவுட் பட நிறுவனத்துக்குப் போனார். வாழ்க்கையில் செய்த பெரிய தவறு என்று பின்னாளில் அவரே சொன்னார். அங்கே எடுத்த முதல் படமான ‘தி கேமராமேன்’ அருமை. அப்புறம் கதையும் காட்சியும் அவர் கையில் இல்லை, குடியும் சேர்ந்துகொண்டது. 1933இல் வெளியே அனுப்பிவிட்டார்கள். அந்தப் பேசும் படங்களை ஆரம்பத்தில் தொடவே வேண்டாம்.

சாப்ளின் ரசிகர்களுக்கு மட்டும் ஒன்று: ‘லைம்லைட்’ (1952) கடைசிப் பகுதி. இருவரும் ஒரே மேடையில் வரும் ஒரே படம் அதுதான். சாப்ளினிடம் வயலின், கீட்டனிடம் பியானோ, நிற்க மாட்டேன் என்று சரியும் இசைத் தாள்கள்.