பழைய ஜப்பானிய இரும்புக் கெட்டிலைச் சீராக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய வார்ப்பிரும்புக் கெட்டில் ஒன்று கைக்கு வந்தவுடன் பெரும்பாலோர் அதைத் தேய்க்கத்தான் உட்காருகிறார்கள். நூறு ஆண்டு தாங்கிய பாத்திரம் ஒன்று அந்த ஒரு மணி நேரத்தில் கெட்டுப்போவதும் உண்டு. நான் வாங்கிய முதல் கெட்டிலை, உள்ளே தெரிந்த செம்பழுப்புத் திட்டுகளைக் கண்டு பதறி, கம்பி நாரும் உப்புத்தாளுமாக ஒரு பிற்பகல் முழுவதும் தேய்த்து வெள்ளிபோல் ஆக்கிவைத்தேன். மறுநாள் காலையில் அதன் உட்புறம் முழுவதும் புதுத் துரு ஆரஞ்சு நிறத்தில் பூத்திருந்தது. வாங்கும்போது அதில் கொதித்த நீர் தெளிவாக இருந்தது என்பதை அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன்.

இங்கே பேசப்படுவது ஜப்பானில் தெட்சுபின் என்று அழைக்கப்படும் இரும்புக் கெட்டில். தேயிலைத் தூளைக் கரைத்துக் குடிக்கும் வழக்கத்தோடு, இலையை வெந்நீரில் ஊறவைத்துப் பருகும் செஞ்சா வழக்கமும் பரவிய எடோ காலத்தில் (1603–1868) இது பெருவழக்காயிற்று. இவாத்தே மாநிலத்தின் மொரியோகா, மிசுசாவா ஊர்களில் வார்க்கப்படுவது ‘நம்பு’ (Nambu) இரும்பு எனப்படும்; 1975ஆம் ஆண்டிலேயே ஜப்பானிய அரசு அதை மரபுக் கைவினையாக அறிவித்தது. கியோத்தோவில் ரியுபுந்தோ போன்ற பட்டறைகள் மெழுகு அச்சில் வார்த்து, வெண்கல மூடி பொருத்தி விற்றவை வேறொரு மரபைச் சேர்ந்தவை. 1941இல் போருக்காக உலோகப் பொருள்களைத் திரட்டும் ஆணை பிறந்தபோது எண்ணற்ற கெட்டில்கள் உலைக்குப் போயின. தப்பி வந்த ஒன்றை நம் கையால் கெடுத்துவிடக் கூடாது என்ற எண்ணம் எனக்குச் சற்று மிகுதியாகவே இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

எதைச் செய்யக் கூடாது என்பது விளங்க, இந்தக் கெட்டில் எப்படி உருவாகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். மண் அச்சில் வார்த்தெடுத்த உடலைக் கரி நெருப்பில் ஏறத்தாழ 900 பாகை வெப்பத்தில் சுடுகிறார்கள். அதனால் இரும்பின் மேல் கருநீலம் கலந்த சாம்பல் நிறத்தில் ஒரு மெல்லிய ஆக்சைடு தோல் உருவாகிறது. அந்தத் தோல்தான் உட்புறத்தைத் துருவிலிருந்து காக்கிறது. வெளிப்புறத்தைச் சூடாக்கி உருஷி என்னும் மரப்பாலைப் பூசி, அது கருகிப் படிந்த பிறகு, இரும்புத் துண்டுகளை ஊறவைத்த புளித்த நீரைத் தேயிலைச் சாற்றோடு கலந்து தூரிகையால் தடவி நிறமேற்றுகிறார்கள். ஆகவே வெளியே தெரியும் கருமை கடையில் வாங்கிப் பூசிய பெயின்ட் அன்று. உள்ளே தெரியும் கருமை அழுக்கும் அன்று.

வேலையைத் தொடங்குமுன், கையில் இருப்பது கெட்டில்தானா என்று பார்த்துக்கொள்வது நல்லது. உட்புறம் கண்ணாடிபோல் மினுங்கும் எனாமல் பூச்சோடும், இலையை வடிகட்டும் சல்லடையோடும் இருந்தால் அது இலையை ஊறவைத்து ஊற்றுவதற்கான சிறு இரும்புத் தேநீர்க்குடுவை. அதை அடுப்பில் ஏற்றினால் எனாமல் வெடித்து உதிரும். அதற்கு இந்தக் கட்டுரையின் முறைகள் பொருந்தா.

உட்புறத் துரு

உள்ளே துரு தெரிந்தால் முதலில் செய்ய வேண்டியது தேய்ப்பதன்று, நீரைக் காய்ச்சிப் பார்ப்பது. தூசியை வெறும் நீரால் அலசிவிட்டு, முக்கால் பங்கு நீர் நிரப்பி, சிறு தீயில் கொதிக்கவைத்து, அந்த நீரை வெள்ளைக் கோப்பையில் ஊற்றிப் பாருங்கள். நீண்ட நாள் கிடந்த பாத்திரத்தில் முதல் இரண்டு மூன்று முறை நீர் கலங்கலாகவே வரும். அதைக் கொட்டிவிட்டு மறுபடியும் காய்ச்ச வேண்டும். பிறகு நீர் தெளிந்துவிட்டால், உள்ளே எத்தனை செந்திட்டுகள் தெரிந்தாலும் அவற்றைத் தொடவே வேண்டாம். அவை இரும்போடு இறுகிப்போன பழைய துரு. நீரில் இறங்காது, குடிப்பவருக்குக் கேடும் செய்யாது. பாத்திரம் எப்படித் தெரிகிறது என்பதைக்கொண்டு முடிவெடுக்காமல், நீர் எப்படி வருகிறது என்பதைக்கொண்டு முடிவெடுக்க வேண்டும். இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் கொண்டால் மற்றத் தவறுகளில் பாதி நிகழவே நிகழாது.

திட்டுகளைச் சுற்றி வெள்ளையாகவோ பால்பழுப்பாகவோ படிந்திருக்கும் உப்புப் படிவையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். ஜப்பானியர் அதை யுஅகா, அதாவது வெந்நீர் அழுக்கு, என்கிறார்கள். பெயரில்தான் அழுக்கே தவிர, நீரிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் பல ஆண்டுகளாகப் படிந்து உருவான அந்தப் பூச்சு, இரும்புக்கும் நீருக்கும் இடையே திரையாக நிற்கிறது. ஜப்பானின் நீர் பெரும்பாலும் மென்னீர் என்பதால் அது மெல்ல மெல்லத்தான் படியும். விவரம் தெரிந்தவர்கள் பழைய கெட்டிலை வாங்கும்போது உள்ளே அந்த வெண்மை இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பார்கள். நாம் அதைச் சுரண்டி எடுத்துவிட்டுச் சுத்தம் செய்ததாக மகிழ்கிறோம்.

நீர் தொடர்ந்து செந்நிறமாகவே வந்தால் மட்டும் மருத்துவம் தேவை. இரண்டு மூன்று தேக்கரண்டி பச்சைத் தேயிலையை மெல்லிய துணியில் முடிந்து, நீரோடு கெட்டிலில் இட்டு, சிறு தீயில் 20 முதல் 30 நிமிடம் கொதிக்கவிட்டு, அப்படியே ஆறவிட வேண்டும். நீர் மை போலக் கறுத்துவிடும், பயப்படத் தேவையில்லை. தேயிலையின் துவர்ப்புப் பொருளான டானின் கரையும் இரும்போடு கூடி, நீரில் கரையாத கறுப்புச் சேர்மமாகி, துருவின் மேல் படிகிறது. கடுக்காயும் அன்னபேதி என்னும் இரும்பு உப்பும் சேர்த்து மை காய்ச்சியவர்களும், கடுக்காயில் தோய்த்த துணிமீது இரும்பு ஊறிய நீரால் கலங்காரிக்குக் கறுப்புக் கோடு வரைபவர்களும் நம்பியிருப்பது இதே வினையைத்தான். கறுத்த நீரைக் கொட்டி, வெறும் நீரைக் காய்ச்சிப் பார்த்து, தெளியும்வரை இதை இரண்டு மூன்று முறை செய்யலாம். உதிரும் நிலையிலுள்ள தளர்ந்த துருவை மட்டும் முன்னதாக மென்மையான துணியால் ஒற்றி எடுக்கலாம். அதற்கு மேல் கை போகக் கூடாது.

நம் சமையலறைப் பழக்கங்கள் செய்யும் கேடு

தமிழ் வீட்டில் இரும்பு என்றதும் தோசைக்கல் நினைவுக்கு வரும். எண்ணெய் தடவிச் சூடேற்றிக் கல்லைப் பழக்குவது போல இதையும் பழக்கலாம் என்று தோன்றும். அது தவறு. கல்லில் எண்ணெய் நன்கு காய்ந்து இறுகிப் படலமாகிறது. நீர் கொதிக்கும் பாத்திரத்தின் வெப்பம் 100 பாகையைத் தாண்டாது. அங்கே தடவிய எண்ணெய் இறுகாமல் நாளடைவில் சிக்கெடுத்து நாறும், வெந்நீரின் மேல் மினுமினுப்பாக மிதக்கும், காக்க வேண்டிய உப்புப் படிவு ஒட்டவும் விடாது. எண்ணெயை இறுக்கவேண்டும் என்று வெறும் கெட்டிலை அனலில் வைத்தால் அது இன்னொரு தவறு. அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

பித்தளைக்குப் புளி தேய்த்துப் பழகிய கை இதற்கும் புளியையோ எலுமிச்சையையோ வினிகரையோ தேடும். அமிலம் உப்புப் படிவைக் கரைத்து, ஆக்சைடு தோலையும் அரித்து, வெற்று இரும்பைத் திறந்துவைத்துவிடும். வெளியே ஒரு துளி பட்டாலும் ஏற்றிய நிறம் வெளுத்துப்போகும். சோப்பும் வேண்டாம், வார்ப்பிரும்பின் நுண்துளைகளில் புகுந்த மணம் எளிதில் போகாது. சோடா உப்பு கரைத்த நீரில் மின்சாரம் பாய்ச்சித் துரு நீக்கும் முறை வாணலிகளுக்கு நல்ல பலன் தரலாம். கெட்டிலில் அது துருவோடு உருஷிப் பூச்சையும் கழற்றிவிடும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இது வெந்நீர்ப் பாத்திரம். இதிலேயே தூளையும் பாலையும் சர்க்கரையையும் போட்டுக் கொதிக்கவைத்தால், பால் அடிப்பிடித்து, சர்க்கரை கருகி, தேநீர் கன்னங்கரேலென்று ஆகிவிடும். அந்தக் கோலத்துக்கு வந்த பிறகு எந்தச் சீரமைப்பும் முன்னிருந்த நிலையை மீட்டுத் தராது.

வெளிப்புறமும் மூடியும்

வெளிப்புறத்தில் ஆலங்கட்டி போலச் சிறு சிறு குமிழ்கள் வரிசையாக இருக்கும் வேலைப்பாட்டை அராரே என்பார்கள். வார்ப்பு அச்சில் ஒவ்வொரு புள்ளியாகக் கையால் அழுத்தி உருவாக்கியது அது. கம்பித் தூரிகை முதலில் தின்பது அந்தக் குமிழ்களின் முனைகளைத்தான். வெளியே துரு இருந்தால் உலர்ந்த மென்தூரிகையால் தட்டிவிட்டு, நீர் காய்ந்து கெட்டில் சூடாக இருக்கும்போது, தேயிலைச் சாற்றில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றித் துடைத்துவர வேண்டும். பத்து நாளில் அல்ல, சில மாதங்களில் அது கருமை கொள்ளும். இந்தப் பொறுமை இல்லாதவர்கள்தான் வெப்பம் தாங்கும் கறுப்புப் பெயின்ட் அடித்துவிடுகிறார்கள். அதன் பிறகு அது பழம்பொருளே இல்லை என்பது என் கருத்து.

வெண்கல மூடியைப் பித்தளை மெருகுப் பசையால் பளபளப்பாக்குவதும் அதே வகையான தவறு. அந்தப் பழுப்பு, செய்தவரே ஏற்றிய நிறமாக இருக்கக்கூடும். கைப்பிடியையும் கவனிக்க வேண்டும்: நல்ல வேலைப்பாட்டில் அது உள்ளீடற்ற குழாயாக, தகட்டைச் சுருட்டிச் செய்யப்பட்டிருக்கும். சூடு எளிதில் ஏறாதிருக்க அப்படிச் செய்தார்கள். அதை நீரில் முழுக்கி ஊறவைத்தால் உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழியின்றி உள்ளிருந்தே துருவேறும்.

நெருப்பும் குளிரும்

வார்ப்பிரும்பில் கரிமம் 2 விழுக்காட்டுக்கு மேல் இருக்கிறது. அதனால் அது கடினமானது, ஆனால் நொறுங்கும் தன்மையுடையது. வெறும் கெட்டிலை அடுப்பில் மறந்துவிட்டு, நினைவு வந்ததும் பதறிக் குளிர்ந்த நீரை ஊற்றினால் விரிசல் விழும். விரிசல் விழாவிட்டாலும் வெளிப் பூச்சு கருகி உதிரும். சில கெட்டில்களின் உட்புற அடியில் நரிகனே எனப்படும் சிறு இரும்புத் தகடுகளை ஒட்டியிருப்பார்கள். நீர் கொதிக்கத் தொடங்கும்போது அவற்றினடியில் எழும் குமிழ்களே பைன் மரக்காற்று என்று தேநீர்க் கலைஞர்கள் புகழும் இரைச்சலைத் தருகின்றன. வெறும் சூட்டில் அந்த ஒட்டு விட்டுவிடும். மறந்து காய்ந்துபோனால் அடுப்பை அணைத்துவிட்டுத் தானாக ஆறும்வரை தொடாமல் இருப்பதுதான் வழி.

தீ, கெட்டிலின் அடியைத் தாண்டிப் பக்கங்களில் ஏறக் கூடாது. இண்டக்‌ஷன் அடுப்பில் எடுத்த எடுப்பில் உச்ச வெப்பம் வைத்தால் அடி மட்டும் திடீரென விரிந்து வெடிக்கலாம்; தாழ்ந்த அளவில் தொடங்க வேண்டும். விளிம்புவரை நீர் நிரப்பினால் மூக்கின் வழியே பொங்கி வழிந்து வெளிப்புறத்தில் கறை விழும்.

ஒழுகலும் பட்டறையும்

வாங்கிய அன்றே நீர் நிரப்பிச் செய்தித்தாளின் மேல் ஓர் இரவு வைத்துப் பார்த்தால் ஒழுகல் தெரிந்துவிடும். ஒழுகும் இடத்தில் எபாக்சி பசையை அப்புவது பரவலான தவறு; கொதிநீரில் அது நெடுநாள் தாங்காது, குடிநீரில் அதன் துகள் கலப்பதும் விரும்பத்தக்கதன்று. பழைய பற்றவைப்பு ஒன்று உள்ளே பளபளத்தால் அதில் ஈயம் இருக்கக்கூடும் என்று கொண்டு, பரிசோதிக்கும்வரை அந்த நீரைக் குடிக்காமல் இருப்பதே முறை.

உட்புறம் மீட்க முடியாத அளவுக்கு அரித்திருந்தால், பட்டறையில் கொடுத்து மறுபடியும் கரி நெருப்பில் சுட்டுப் புதுத் தோல் உண்டாக்கலாம். ஆனால் அந்த வெப்பத்தில் பழைய உருஷிப் பூச்சு முழுவதும் எரிந்துபோய், வெளிப்புறத்தைப் புதிதாகத்தான் செய்ய வேண்டும். வெள்ளி இழைத்த வேலைப்பாடு இருந்தால் அதற்கும் ஆபத்து. தினமும் நீர் காய்ச்ச விரும்புபவர் இதற்கு ஒப்பலாம். பெயர்பெற்ற பட்டறையின் பழைய படைப்பு என்றால், நீர் காய்ச்சும் ஆசையை விட்டு அப்படியே வைத்திருப்பதையே நான் தேர்ந்தெடுப்பேன்.

நாள்தோறும் செய்யும் தவறு ஒன்று மிச்சமிருக்கிறது: மீந்த நீரை உள்ளேயே விட்டுவைப்பது. காய்ச்சிய நீரைச் சூட்டோடு சூடாக முழுவதும் பிளாஸ்கில் ஊற்றிவிட்டு, மூடியைத் திறந்துவைத்தால் இரும்பிலுள்ள சூடே ஈரத்தை உலர்த்திவிடும். மழைக்காலத்தில் அரை நிமிடம் மிகச் சிறிய தீயில் வைத்து எடுக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். துணியை உள்ளே விட்டுத் துடைக்கக் கூடாது, விரலாலும் தொடக் கூடாது. ஊற்றும் நீரைப் பொறுத்தவரை, ஆர்.ஓ. கருவி நீரில் உப்பு அநேகமாக இல்லாததால் வெண்படிவு உருவாகவே உருவாகாது. ஆழ்துளைக் கிணற்றின் கடின நீரோ சில வாரங்களில் தடித்த செதிலாகப் படிந்து பெயர்ந்து கோப்பையில் விழும். இரண்டையும் கலந்து ஊற்றி, உள்ளே மெல்லிய வெண்படலம் படிகிறதா என்று மாதம் ஒருமுறை வெளிச்சத்தில் பார்த்துக்கொள்கிறேன்.