காதுப் பூஞ்சை விட மாட்டேன் என்கிறதா? சொட்டு மருந்தில் நாம் செய்யும் தவறுகள்

மியான்மரில் ஏப்ரலில் தண்ணீர்த் திருவிழா. வாளி வாளியாக ஊற்றி ஆடித் தீர்த்த ஈரம் போவதற்குள் மழைக்காலம் தொடங்கிவிடும். அக்டோபர் வரைக்கும் யாங்கோனில் துவைத்த லுங்கியே காய்வதில்லை, காது எங்கே காயும்? காதுப் பூஞ்சைக்குப் பிடித்த பருவம் இதுதான்.

விடாத அரிப்பு, அடைத்த மாதிரி ஓர் உணர்வு, கொஞ்சம் மந்தமாகக் கேட்பது. இவை சேர்ந்து வந்தால் பூஞ்சையைச் சந்தேகிக்கலாம். பெரும்பாலும் ஆஸ்பெர்ஜில்லஸ் அல்லது கேண்டிடா என்ற பூஞ்சை வகைதான் காரணம். டாக்டர் விளக்கு வைத்துப் பார்க்கும்போது, நனைந்த செய்தித்தாளைக் கசக்கித் திணித்தது போலச் சாம்பல் நிறத்தில் ஏதோ அடைத்திருக்கும். மேலே கரும்புள்ளிகள் தெரிந்தால் அநேகமாக ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர்.

பெரிய தவறு இந்த அடைசலின் மேலேயே மருந்தை ஊற்றுவது. பூஞ்சை இருப்பது அடியில், காதுக்குழாயின் தோலில். மேலே விட்ட சொட்டு அங்கே போய்ச் சேராது. “ஒரு பாட்டில் காலி, ஒரு பலனும் இல்லை” என்று சொல்பவர்களில் பலருக்கு மருந்து பூஞ்சையைத் தொட்டிருக்கவே இருக்காது. முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய் உறிஞ்சு குழாயால் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். ஒரு தடவையில் முடியாமல் மறுபடி போக வேண்டியும் வரலாம். கோழி இறகு, ஹேர்பின், பட்ஸ் எல்லாம் சுத்தம் செய்வதில் சேராது. அவை அழுக்கை உள்ளே தள்ளும், தோலைக் கீறும், பூஞ்சைக்கு இன்னும் வசதி.

அடுத்தது, மருந்துக்கடையில் “காதுவலி மருந்து கொடுங்க” என்று கேட்டு எதையாவது வாங்குவது. கைக்கு வருவது அநேகமாக ஆன்டிபயாடிக் சொட்டு. அது பாக்டீரியாவைக் கொல்லுமே தவிர பூஞ்சையை ஒன்றும் செய்யாது. போட்டியில்லாத இடத்தில் பூஞ்சை இன்னும் பரவும். ஸ்டீராய்டு கலந்த களிம்புகள் இன்னும் ஏமாற்றும். இரண்டே நாளில் அரிப்பு அடங்கும், பூஞ்சை உள்ளே நிம்மதியாக வளரும். இரண்டு வகைப் பூஞ்சைக்கும் வேலை செய்யும் மருந்து 1 சதவீத க்ளோட்ரிமசோல். நிஸ்டாடின் கேண்டிடாவுக்குச் சரி, ஆஸ்பெர்ஜில்லஸுக்கு அவ்வளவாக உதவாது.

சரி, சரியான மருந்தே கிடைத்துவிட்டது. அரிப்பு நின்றதும் பாட்டிலை அலமாரியில் வைத்துவிடுகிறோம், மீதி அடுத்த தடவைக்கு ஆகுமாம்! க்ளோட்ரிமசோலைத் தினம் 2 அல்லது 3 வேளை விட வேண்டும். தொற்று மறைந்த பிறகும் குறைந்தது 14 நாள் தொடர வேண்டும். பாதியில் விட்டால் மிஞ்சியது திரும்ப முளைக்கும்.

விடும் முறையும் முக்கியம். பாட்டிலைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் பிடித்திருங்கள், சில்லென்று விட்டால் தலை சுற்றும். ஒருக்களித்துப் படுத்து, காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்துச் சொட்டை விட்டுவிட்டு, 5 நிமிடம் அப்படியே இருங்கள். குளிக்கும்போது வாசலின் தடவிய பஞ்சைக் காதுத் துளையின் வாயிலில் வைத்து, குளித்து முடித்ததும் எடுத்துவிடுங்கள். நாள் முழுக்க அடைத்து வைத்தால் உள்ளே புழுங்கும். பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெய் பாட்டி காலத்து வைத்தியம்தான், ஆனால் ஈரக் காதில் எண்ணெய் பூஞ்சையைக் கொல்லாது. காது கேட்கும் கருவி போடுகிறவர்கள் காதுக்குள் பொருந்தும் அதன் அச்சையும் சுத்தம் செய்து காயவைக்க வேண்டும், இல்லாவிட்டால் அதிலிருந்தே திரும்ப ஒட்டிக்கொள்ளும்.

செவிப்பறையில் ஓட்டை இருப்பவர்களும், காதில் முன்பு அறுவை செய்துகொண்டவர்களும் டாக்டர் பார்க்காமல் எந்தச் சொட்டும் விடக் கூடாது. ஸ்பிரிட், வினிகர் போன்றவை நடுக்காதுக்குள் போனால் உயிர் போகிற மாதிரி எரியும், சில ஆன்டிபயாடிக் சொட்டுகள் கேட்கும் திறனையே கெடுக்கும்.

சர்க்கரை நோயாளிகளுக்கு அலட்சியம் கூடவே கூடாது. இரவில் தூங்கவிடாத வலி, முகம் ஒரு பக்கம் கோணுவது, காதில் சீழ் என்று வந்தால் சொட்டு மருந்து விட்டுப் பார்க்கும் நேரமல்ல அது. தொற்று எலும்புக்குள் இறங்கியிருக்கலாம், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.