சின்னப் பிள்ளைகளோடு மாதக்கணக்கில் பயணமா? முதலில் ஊர்களைக் குறையுங்கள்

முதல் ஆறு வாரத்தில் எட்டு ஊர் பார்த்தோம். பெருமைக்காகச் சொல்லவில்லை, புத்தியில்லாமல் செய்ததைச் சொல்கிறேன். ஆறாவது ஊரில் ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்கு ஏதோ சத்தம் கேட்டு எழுந்து பார்த்தால், ஐந்து வயது மகன் துணி அலமாரியைத் திறந்து அதற்குள் நிற்கிறான், பாதித் தூக்கத்தில், கால்சட்டையை இறக்கிவிட்டபடி. அதற்கு முந்தின ஊர் அறையில் அந்தப் பக்கம்தான் கழிவறை இருந்தது. அவனை எப்படித் திட்டுவது? மறுநாள் காலையில் உட்கார்ந்து மீதித் திட்டத்தில் இருந்த ஊர்களில் பாதியை அடித்துவிட்டோம்.

ஆகவே முதல் விதி: ஓர் ஊரில் குறைந்தது மூன்று வாரம், முடிந்தால் ஒரு மாதம். மாத வாடகை பெரும்பாலும் நாள் வாடகையைக் கூட்டினால் வருவதைவிடக் குறைவு என்பது ஒரு காரணம், ஆனால் அது சின்னக் காரணம். முதல் வாரம் பிள்ளைகள் எது எங்கே இருக்கிறது என்று பழகவே சரியாகப் போய்விடும். இரண்டாவது வாரம்தான் தெருவில் இருப்பவர்கள் உங்களைப் பார்த்துத் தலையசைப்பார்கள். மூன்றாவது வாரத்தில் உங்கள் பெயர் யாருக்கும் தெரியாது, பிள்ளையின் பெயர் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். உள்ளூர் மனிதர்களோடு பழக வேண்டும் என்று ஆசைப்பட்டுக் கிளம்பிவிட்டு நான்கு நாளுக்கு ஒருமுறை பெட்டி கட்டினால், பழகப்போவது ஓட்டல் வரவேற்பறைக்காரரோடு மட்டும்தான்.

கிளம்பும் முன் முடிக்க வேண்டியவை

காகித வேலை சலிப்பானது, சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். பல நாடுகளில் பிள்ளைகளின் பாஸ்போர்ட் பெரியவர்களுடையதைவிடச் சீக்கிரம், பெரும்பாலும் ஐந்து வருடத்தில், காலாவதியாகிவிடும். நுழையும்போது இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்க வேண்டும் என்று கேட்கும் நாடுகளும் நிறைய. விசா நாள் கணக்கு கைக்குழந்தைக்கும் உண்டு. ஐரோப்பாவின் ஷெங்கன் பகுதியில் (தங்களுக்குள் எல்லைச் சோதனை வைக்காத நாடுகளின் கூட்டு) குறுகிய காலம் தங்க அனுமதி என்றால் எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாள்தான், தொட்டிலில் கிடப்பவருக்கும் அதே கணக்கு. அம்மாவோ அப்பாவோ ஒருவர் மட்டும் பிள்ளையோடு எல்லை தாண்டுவதாக இருந்தால், மற்றவர் சம்மதித்துக் கையெழுத்திட்ட கடிதமும் பிறப்புச் சான்றிதழின் நகலும் கையில் இருக்கட்டும். பிள்ளைக் கடத்தலைத் தடுக்கத்தான் கேட்கிறார்கள், உங்கள் மேல் சந்தேகம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தடுப்பூசிக்காக, கிளம்புவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் முன்பே மருத்துவரைப் பாருங்கள். தட்டம்மைத் தடுப்பூசி வழக்கமாக ஒரு வயதை ஒட்டித்தான் போடுவார்கள் என்றாலும், வெளிநாடு போகும் ஆறு மாதம் முதல் பதினோரு மாதம் வரையான குழந்தைக்கு முன்கூட்டியே ஒரு ஊசி போடச் சொல்வது உண்டு. ஒரு வயதுக்குப் பிறகு போட வேண்டிய இரண்டும் அப்போதும் பாக்கிதான். மஞ்சள் காய்ச்சல் ஊசி ஒன்பது மாதத்துக்குப் பிறகுதான், அதன் சான்றிதழ் ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் செல்லும். கிளம்பும் வாரத்தில் ஞாபகம் வந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

போய் இறங்கிய முதல் மூன்று நாள்

எதையும் சுற்றிப் பார்க்காதீர்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன். நேர வித்தியாசம் அதிகமான இடம் என்றால் உடம்பு பழக ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு ஏறக்குறைய ஒரு நாள் எடுக்கும், கிழக்கு நோக்கிப் போனால் இன்னும் கஷ்டம். அந்த நாட்களில் காலை வெயிலில் பிள்ளைகளை வெளியே நடக்க விடுங்கள், மற்றதெல்லாம் தானாகச் சரியாகும். நடக்கும்போதே நான்கு இடங்களைக் கண்டுபிடித்து வைத்துக்கொள்ளுங்கள்: மருந்துக்கடை, பிள்ளைகளைப் பார்க்கும் மருத்துவமனை, காய்கறி மளிகை வாங்கும் இடம், ஊஞ்சலும் சறுக்குமரமும் உள்ள பூங்கா. மருத்துவமனைக்கு ராத்திரி எந்த வாசல் வழியாகப் போக வேண்டும் என்பதையும் பகலிலேயே பார்த்து வையுங்கள், காய்ச்சல் எப்போதும் ராத்திரிதான் ஏறும்.

அறைக்குள் நுழைந்ததும் நாங்கள் செய்யும் ஒரு சடங்கு இருக்கிறது. பிள்ளைகளை முன்னால் விட்டு, கழிவறை எங்கே, விளக்கு சுவிட்ச் எங்கே, தங்கள் படுக்கை எது என்று அவர்களே எங்களுக்குச் சுற்றிக்காட்ட வேண்டும். பெட்டியிலிருந்து முதலில் வெளியே வருவது அவர்களுடைய போர்வையும் தூங்கும் முன் படிக்கும் புத்தகமும்தான். மூன்று வருடமாக அதே போர்வை, ஒரு மூலை கிழிந்து நூல் தொங்குகிறது. புதிது வாங்கலாமா என்று கேட்டதற்கு வீட்டில் ஒரு கலவரமே நடந்தது.

ஒரே இடம், ஒரே நேரம்

மனிதர்களைச் சந்திக்க என்ன வழி என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது இந்த ஒன்றைத்தான். தினமும் அதே பூங்காவுக்கு அதே நேரத்தில் போங்கள். ஊரைச் சேர்ந்த பெற்றோர் எல்லோரும் ஒரு கால அட்டவணையில்தான் வாழ்கிறார்கள். சாயங்காலம் அந்த ஒரு மணி நேரத்தில் அங்கே வருபவர்கள் நாளைக்கும் வருவார்கள். முதல் நாள் பார்ப்பார்கள், இரண்டாம் நாள் சிரிப்பார்கள், நான்காம் நாள் யாராவது வந்து பிள்ளைக்கு என்ன வயது என்று கேட்பார்கள். அவசரப்பட்டு நீங்களே முதல் நாள் போய் அறிமுகம் செய்துகொண்டாலும் தப்பில்லை, ஆனால் பெஞ்சில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் பத்தாவது நாளும் யாரும் வர மாட்டார்கள்.

கையில் ஏதாவது ஒரு விளையாட்டுச் சாமான் வேண்டும், ஒருவர் மட்டும் வைத்துக்கொள்ள முடியாத மாதிரி. பந்து நல்லது, தரையில் வரையும் சாக்கட்டி அதைவிட நல்லது, எல்லாவற்றிலும் உசத்தி சோப்புக் குமிழி ஊதும் புட்டி. ஒரு பூங்காவில் நாங்கள் உட்கார்ந்திருந்த மூலைக்கு ஒரு வாரமாக யாருமே வரவில்லை. எட்டாவது நாள் மகள் குமிழி ஊத ஆரம்பித்தாள். முதல் குமிழி உடைவதற்குள் ஒரு பையன், மூன்றாவதற்கு அவன் தங்கை, அப்புறம் எண்ண முடியவில்லை. தங்கைக்குத் தானும் ஊத வேண்டும் என்று ஒரே அழுகை, அவளைச் சமாதானப்படுத்த வந்த பாட்டிதான் அந்த ஊரில் எங்களுக்குக் கிடைத்த முதல் ஆள். வாடகைக்கு வீடு பிடித்துக் கொடுத்ததும் பிறகு பல் வலிக்கு மருத்துவரைக் காட்டியதும் அவர்தான்.

மொழி தெரியாதே என்று தயங்க வேண்டாம். பெரியவர்களுக்கு வணக்கம், நன்றி, பெயர் என்ன, வயது என்ன, போதும், வேண்டாம், இது இவனுக்கு ஒத்துக்கொள்ளாது என்று ஏழெட்டு வாக்கியம் போதும். பிள்ளைகளுக்குத் தேவையானது வேறு: ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணத் தெரிய வேண்டும், 'அடுத்து நான்' என்று சொல்லத் தெரிய வேண்டும். கண்ணாமூச்சிக்கு முதலாவது, சறுக்குமரத்து வரிசைக்கு இரண்டாவது. இந்த இரண்டை வைத்துக்கொண்டு என் மகன் ஒரு மாதம் ஓட்டினான்.

கன்னத்தைக் கிள்ளுபவர்கள், படம் எடுப்பவர்கள்

பல இடங்களில் முன்பின் தெரியாதவர்கள் குழந்தையைக் கேட்காமலே தூக்குவார்கள், தலையைக் கோதுவார்கள், போட்டோ எடுப்பார்கள். பெரும்பாலும் அன்புதான், அதற்காகப் பிள்ளை எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. எங்களிடம் ஒரு ரகசியச் சைகை இருக்கிறது: பிடிக்கவில்லை என்றால் என் கையை இரண்டு தடவை அழுத்த வேண்டும். அழுத்தினால் நான்தான் சிரித்துக்கொண்டே மறுப்பேன், பிள்ளை வாயைத் திறக்க வேண்டாம். கூடவே அவர்களுக்கு மாற்றாக ஒன்று கொடுத்துவிடுங்கள், கையசைப்பது, உள்ளங்கையில் தட்டுவது, அவ்வளவுதான்; அதிலேயே முக்கால்வாசிப் பேர் சந்தோஷமாகப் போய்விடுவார்கள். விடாமல் நிற்பவரிடம் தயவு தாட்சண்யம் பார்க்க வேண்டியதில்லை, எழுந்து நடையைக் கட்டுங்கள்.

யாராவது தின்பதற்குக் கொடுத்தால் வாங்கலாம், ஆனால் வாயில் போடும் முன் எங்களிடம் காட்ட வேண்டும் என்பது சட்டம். ஒரு வயதுக்குக் கீழே தேன் கூடவே கூடாது, போட்டுலிசம் என்ற நச்சு நோய் வரலாம். நான்கு வயது வரை முழுக் கொட்டைகளும் நறுக்காத திராட்சையும் தொண்டையில் அடைத்துக்கொள்ளும் ஆபத்து. கொடுத்தவர் மனசு நோகாமல் வாங்கி, அவர் முன்னாலேயே நன்றி சொல்லிப் பையில் வைத்துக்கொண்டால் போதும். அறிவுரையும் அப்படித்தான். குழந்தைக்குக் குளிரும், தொப்பி போடு என்று சொல்ல உலகத்தில் எல்லா ஊரிலும் ஒரு வயதான அம்மா இருக்கிறார், எதிர்த்து வாதாடாமல் தொப்பியைப் போட்டுவிட்டுத் தெருமுனை திரும்பியதும் கழற்றிவிடுங்கள்.

வீட்டுக்குக் கூப்பிட்டால் போங்கள். பிள்ளைகள் தூங்கி எழுந்து வயிறு நிறைந்திருக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள், வெறுங்கையோடு போகாதீர்கள், ஒரு மணி நேரம் ஆனதும் கிளம்பத் தயாராகுங்கள். உள்ளே போனதும் எட்டும் உயரத்தில் இருக்கும் கண்ணாடிச் சாமான்களை நீங்களே கேட்டு எடுத்து மேலே வைத்துவிட்டால் பாதிப் பதற்றம் குறையும். அடுத்த வாரம் அவர்களையும் உங்கள் இடத்துக்குக் கூப்பிடுங்கள். அறை சின்னது, நாற்காலி இல்லை என்று கூச்சப்பட்டுக்கொண்டு நாங்கள் பல மாதம் இதைச் செய்யவில்லை, இன்றைக்கும் அது உறுத்துகிறது.

இன்னொன்று, அவர்கள் பிள்ளைகளின் முகம் தெரியும் படத்தைக் கேட்காமல் இணையத்தில் போடாதீர்கள். நம் பிள்ளையை யாரோ படம் எடுத்தால் முகம் சுளிக்கிறோம், இல்லையா.

நாய்க்கடி, வயிற்றுப்போக்கு, கூட்டத்தில் தொலைவது

பழக்கம் தொடங்கியதும் பிள்ளைகள் தெரு நாய்களோடும் பழகுவார்கள். வெறிநாய்க்கடியில் அதிகம் மாட்டுவது ஐந்து முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகள். கடித்தாலோ கீறினாலோ சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு பதினைந்து நிமிடம் நன்றாகக் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்பதே கூடாது. பிள்ளைகள் திட்டு விழும் என்று மறைத்துவிடுவார்கள், அதுதான் பயம். 'கடிச்சா சொல்லு, திட்டவே மாட்டேன்' என்று முன்கூட்டியே பலமுறை சொல்லி வையுங்கள், அப்புறம் சொன்னபடி திட்டாமலும் இருங்கள்.

வயிற்றுப்போக்குக்கு ஓஆர்எஸ் பொட்டலங்கள் நாலைந்து எப்போதும் பையில் இருக்கட்டும். கிடைக்காத இடத்தில் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடினால் ஆபத்து, கைக்கணக்கு வேண்டாம். சின்னக் குழந்தை சிறுநீர் கழிப்பது குறைந்தாலோ துவண்டு கிடந்தாலோ வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டுக் கிளம்புங்கள்.

கூட்டமான இடத்துக்குப் போகும் முன் அன்றைய உடுப்போடு ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், கைப்பட்டையில் உங்கள் போன் எண் இருக்கட்டும். தொலைந்தால் அங்கேயே நில், உதவி கேட்பதாக இருந்தால் பிள்ளைகளோடு வந்திருக்கும் ஓர் அம்மாவிடம் கேள் என்று சொல்லி வையுங்கள். இதை ஒத்திகையாகவே பார்த்துவிடுங்கள், அவர்களுக்கு அது விளையாட்டு.

நான்கு பேர், ஓர் அறை

இருபத்து நாலு மணி நேரமும் ஒன்றாக இருப்பது கேட்க நன்றாக இருக்கும். ஒரு மாதம் ஆனதும் யாராவது பல் தேய்க்கும் சத்தம்கூட எரிச்சலாக இருக்கும். நாங்கள் வாரத்தில் அரை நாள் ஒருவருக்கு முழு விடுதலை கொடுக்கிறோம், எங்கே போனாய் என்று கேட்கக்கூடாது. பிள்ளைகளுக்கும் தனித்தனியாக ஒரு பொழுது, அம்மாவோடு ஒருவர், அப்பாவோடு ஒருவர். நாளுக்கு ஒரு வெளி வேலைக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை, துணி துவைப்பதும் அதில் ஒன்றாகக் கணக்கு. படிப்புக்கு, உங்கள் நாட்டுக் கட்டாயக் கல்விச் சட்டம் என்ன சொல்கிறது என்று பள்ளியிலிருந்து பெயரை எடுக்கும் முன் பார்த்துவிடுங்கள். சில நாடுகளில் வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுக்கவே அனுமதி இல்லை.

கிளம்பும் வாரம்

மூன்று வாரம் தங்கினால் சினேகிதர்கள் கிடைப்பார்கள், கிடைத்தால் பிரிய வேண்டும். இதை நாங்கள் யோசிக்கவே இல்லை. முதல் தடவை கடைசி நாள் காலையில்தான் சொன்னோம், பேருந்தில் நான்கு மணி நேரம் அழுகை. இப்போதெல்லாம் ஒரு வாரம் முன்பே சொல்லிவிடுகிறோம், நாட்காட்டியில் அவர்களே அடித்துக்கொண்டு வருகிறார்கள். கடைசி நாளுக்கு முந்தின நாள் ஒரு சுற்று நடந்து எல்லோரிடமும் விடைபெறுவோம், பிள்ளைகள் வரைந்த படம் ஒன்றைக் கொடுத்துவிட்டு முகவரி வாங்கிக்கொள்வோம். மறுபடியும் வருவோம் என்று மட்டும் சொல்லாதீர்கள், பிள்ளைகள் அதை நம்பிக்கொண்டே இருப்பார்கள். கடிதம் போடலாம் என்று சொன்னால் அடுத்த ஊரில் முதல் வாரமே உட்கார வைத்து எழுத வைத்துவிடுங்கள்.

அந்தக் குமிழிப் புட்டியை மகள் யாரும் சொல்லாமலே அந்தத் தங்கையிடம் கொடுத்துவிட்டு வந்தாள். அடுத்த ஊரில் இறங்கியதும் முதல் வேலையாகப் புதுப் புட்டி தேடி அலைந்தோம்.